இருபத்தெட்டா, எண்பத்துநான்கா?

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, பேச்சு எப்படியோ பெருந்தொற்றுக் காலத்துக்குத் திரும்பியது. தடுப்பூசிக்காக அலைந்த கதையை ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். நிறையப் படித்தவர், நான் மதிக்கும் நண்பர் ஒருவர் குறுக்கிட்டுச் சொன்னார்: “விதிகள் மாறத்தான் செய்யும். புதிய தரவு கிடைத்தால் அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதைக் குறையாகச் சொல்பவர்களுக்கு அறிவியல் இயங்கும் முறையே பிடிபடவில்லை என்று பொருள்.” கூட்டம் தலையாட்டியது. நானும் அப்போது ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் என் மௌனம் என்னை உறுத்தியது. நண்பருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

அவர் கூற்றின் முதற்பாதியை நான் மறுக்கவில்லை. தரவு மாறினால் விதி மாற வேண்டும். மாறாத விதிதான் ஆபத்தானது. என் கேள்வி வேறு. 2021ஆம் ஆண்டில் வெளிநாடு செல்ல வேண்டியிருந்த இந்தியர்களின் முன் மாறிக்கொண்டேயிருந்த விதிகள் எல்லாம் தரவுக்காக மாறியவைதானா? அல்லது கேட்பவர் யார் என்பதைப் பார்த்து மாறியவையும் அவற்றில் உண்டா? முன்னதற்கு அறிவியல் என்று பெயர். பின்னதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

முதலில் நடந்தவற்றை வரிசைப்படுத்திக்கொள்வோம். நினைவு மங்கத் தொடங்கிவிட்டது. அந்த மங்கலில்தான் இத்தகைய பொதுக்கூற்றுகள் செழிக்கின்றன.

இந்தியாவில் தடுப்பூசி இயக்கம் ஜனவரி 16, 2021 அன்று மருத்துவப் பணியாளர்களோடு தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களும், இணைநோயுள்ள 45 வயதைக் கடந்தவர்களும் தகுதி பெற்றனர். ஏப்ரல் 1 முதல் 45 வயதான அனைவரும். மே 1 முதல் 18 வயதான அனைவரும். கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையேயான இடைவெளி தொடக்கத்தில் 4 முதல் 6 வாரம். மார்ச் 22 அன்று அது 6 முதல் 8 வாரமாகியது. மே 13 அன்று 12 முதல் 16 வாரமாகியது. அதன்பின் 84 நாள் நிறையாதவர்களின் இரண்டாம் தவணைப் பதிவைக் கோவின் தளம் ஏற்கவில்லை. ஏழே வாரங்களில் இரு மாற்றங்கள்.

இடைவெளி நீண்டதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. லான்செட் இதழில் பிப்ரவரி 2021இல் வெளியான ஆய்வு, தவணைகளுக்கிடையே 12 வாரமோ அதற்கு மேலோ இருந்தவர்களிடம் செயல்திறன் 81.3 விழுக்காடு என்றும், 6 வாரத்துக்குக் குறைவாக இருந்தவர்களிடம் 55.1 விழுக்காடு என்றும் காட்டியது. ஆனால் அந்த ஆய்வு பிப்ரவரியிலேயே வெளிவந்துவிட்டது. மே மாதம் என்பது இரண்டாம் அலையின் உச்சம். முகாம் வாசல்களில் ‘தடுப்பூசி கையிருப்பு இல்லை’ என்ற அட்டை தொங்கிய மாதம். மேலும், அரசுக்கு ஆலோசனை சொல்லும் தேசியத் தொழில்நுட்பக் குழுவின் உறுப்பினர்கள் சிலர், தாங்கள் ஆதரித்தது 8 முதல் 12 வார இடைவெளியை மட்டுமே என்றும், 12 வாரத்துக்கு மேற்பட்ட இடைவெளிக்குத் தங்களிடம் தரவு இல்லை என்றும் கூறியதாக ஜூன் 2021இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அரசு அதை மறுத்தது. முடிவு முழுக்க அறிவியல் அடிப்படையிலானது என்றது.

இங்கே நான் யாரையும் பொய்யர் என்று சொல்ல வரவில்லை. ‘ஊசி போதவில்லை. இருப்பதை அதிகம் பேருக்கு முதல் தவணையாகக் கொடுப்பதே இப்போதைக்கு அதிக உயிரைக் காக்கும். அதற்கு அறிவியல் ஆதரவும் ஓரளவு இருக்கிறது. ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஓர் அரசு சொல்லியிருந்தால் மக்கள் பொறுத்திருப்பார்கள். பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி முன் வரிசையில் நின்ற பரம்பரை நாம். பற்றாக்குறை நமக்குப் புரியாத சொல் அல்ல. அந்த எளிய சொல்லைச் சொல்லாமல் ‘அறிவியல்’ என்ற பெரிய சொல்லை மட்டும் முன்னால் நிறுத்தியதில்தான் சிக்கல் தொடங்கியது. ஏனெனில் அறிவியல் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அது எல்லா உடலுக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

அது ஒன்றாக இருக்கவில்லை. ஜூன் 7, 2021 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. வெளிநாட்டுக்குக் கல்வி கற்கச் செல்வோர், வேலைக்குச் செல்வோர், டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்கும் வீரர்களும் உடன் செல்லும் குழுவினரும் ஆகியோருக்கு மட்டும் 28 நாளிலேயே கோவிஷீல்டின் இரண்டாம் தவணையைச் செலுத்தலாம். ஆகஸ்ட் 31 வரை பயணம் செய்ய வேண்டியவர்களுக்கு இது பொருந்தும். மாவட்டந்தோறும் இதற்கென ஓர் அதிகாரி நியமிக்கப்படுவார். பயணத்தின் நோக்கம் மெய்யானதுதானா என்று அவர் ஆவணங்களைப் பார்த்து உறுதி செய்வார். சான்றிதழில் கடவுச்சீட்டு எண் இடம்பெறும்.

இந்தச் சலுகையை நான் வரவேற்கிறேன். அது பலரைக் காப்பாற்றியது. ஒரு மாணவனின் கல்வியாண்டும் ஒரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தமும் அதனால் பிழைத்தன. ஆனால் அந்தச் சலுகை தன்னையறியாமல் ஓர் உண்மையையும் ஒப்புக்கொண்டது. 28 நாளில் இரண்டாம் தவணை எடுப்பது ஆபத்தானதல்ல. பாதுகாப்பு சற்றுக் குறையலாம், ஆனால் தேவையுள்ளவர் அதை அறிந்தே தேர்ந்துகொள்ளலாம் என்பதே அந்த உண்மை. அப்படியானால் எது தேவை என்று முடிவு செய்வது யார்? மூன்று வகைப் பயணங்கள் மட்டும் எப்படி மெய்யானவை ஆயின?

என் அக்காவின் கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்டாவின் ஒரு சிற்றூரில் இருக்கிறார். அப்போது அவருக்கு வயது 58. மகள் ஷார்ஜாவில். தலைப்பிரசவம், செப்டம்பர் நடுவில் நாள் குறித்திருந்தார்கள். தொற்றுக்காலத்தில் கர்ப்பிணியை ஊருக்கு அழைக்கத் துணிவில்லை. ஆகவே அக்கா அங்கே போவதென்று முடிவு. அக்காவுக்கு மார்ச் மாதம் தொற்று வந்து, கடைசி வாரத்தில் குணமானது. குணமடைந்தவர்கள் 4 முதல் 8 வாரம் கழித்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பது அதுவரையிலான அறிவுரை. அதன்படி எண்ணிப் பார்த்து மே மூன்றாம் வாரம் கடந்து முகாமுக்குப் போனார். அதற்குள், குணமடைந்து 3 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று மே 19 அன்று விதி மாறிவிட்டது. திருப்பி அனுப்பினார்கள். அவர் முணுமுணுக்கவில்லை. ஜூலை 2 அன்று முதல் தவணை போட்டுக்கொண்டார். கோவின் கணக்குப்படி இரண்டாம் தவணைக்குரிய நாள் செப்டம்பர் 24.

ஜூலை 30 அன்று அவருக்கு 28 நாள் முடிந்தது. அமீரகம் எப்போது வழி திறக்குமென்று அப்போது தெரியாது. ஆனால் திறக்கும்போது இரு தவணைச் சான்றிதழ் கேட்பார்கள் என்று மருமகன் சொல்லிக்கொண்டே இருந்தார். மகளின் மருத்துவச் சீட்டு, தன் கடவுச்சீட்டு, மருமகனின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, ஆகஸ்ட் முதல் வாரத்தில் அக்கா அந்த அதிகாரியைப் பார்க்கப் போனார். நானும் உடன் சென்றேன். அதிகாரி நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். காகிதங்களைப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு கேட்டார்: “படிப்பாம்மா? வேலையா?”

“பிரசவம் சார். பொண்ணுக்கு.”

“அதுக்கு இதுல இடம் இல்லையேம்மா.”

அவ்வளவுதான் உரையாடல். எங்களுக்கு முன்னால் அதே நாற்காலியில் அமர்ந்திருந்த பையன் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவன். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அவன் மீது எனக்குப் பொறாமை இல்லை, நன்றாகப் படிக்கட்டும். ஆனால் அவன் உடலில் 28 நாளில் சரியாக வேலை செய்யும் ஒரு மருந்து என் அக்காவின் உடலில் 84 நாள் கழித்துத்தான் வேலை செய்யும் என்று எந்த அறிவியல் சொன்னது?

ஆகஸ்ட் 30 அன்று, உலக சுகாதார நிறுவனம் ஏற்ற தடுப்பூசியின் தவணைகளை முடித்தவர்களுக்கு அமீரகம் சுற்றுலா விசாவைத் திறந்தது. அந்தப் பட்டியலில் கோவிஷீல்டு இருந்தது. குழந்தை செப்டம்பர் 14 அன்று பிறந்தது. அக்கா 24ஆம் தேதி இரண்டாம் ஊசி போட்டுக்கொண்டு, அக்டோபர் நடுவில் போய்ச் சேர்ந்தார். பேரனைத் தொட்டிலில் போட்டதைக் கைபேசியில் பார்த்தார். மகளுக்காகச் சுக்கும் திப்பிலியும் இடித்துக் கிளறி வைத்திருந்த லேகியம் ஒரு மாதம் ஜாடியிலேயே இருந்தது.

இது பெரிய துயரமா என்று நண்பர் கேட்கலாம். அந்த ஆண்டில் மனிதர்கள் மூச்சுக்காற்றுக்காகத் தவித்து இறந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இது சிறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறியதை ஏன் பேசுகிறாய் என்பது, பெரிய துயரங்களை முன்னால் காட்டி எல்லாக் கேள்விகளையும் அடக்கும் பழைய உத்தி. அக்காவுக்கு மறுக்கப்பட்ட ஊசியால் வேறொருவர் உயிர் பிழைத்தார் என்றாலாவது மனம் ஆறும். ஆகஸ்டில் மறுக்கப்பட்ட அதே ஊசி செப்டம்பரில் அவருக்கே கிடைத்தது. ஏழு வாரத் தாமதத்தால் எவருக்கு என்ன மிஞ்சியது?

இன்னும் கடுமையான நிலையில் சிலர் இருந்தார்கள். 2021 ஜனவரியில் தடுப்பூசி தொடங்கியபோது, எந்த ஊசி என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பயனாளிகளுக்கு இல்லை என்று அரசு தெளிவாகவே அறிவித்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டோம். கோவேக்ஸின் போட்டுக்கொண்டவர்கள் சில மாதங்களில் ஒரு சுவரில் முட்டிக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் கோவேக்ஸின் இடம்பெற்றது நவம்பர் 3, 2021 அன்றுதான். அதுவரை பல நாடுகளின் எல்லையில் அவர்கள் ஊசியே போடாதவர்களாகக் கருதப்பட்டனர். சவூதியில் வேலை பார்த்துவந்த ஒருவர், கோவேக்ஸின் இரு தவணையும் முடித்திருந்த நிலையில், தனக்குக் கோவிஷீல்டு செலுத்த அனுமதி கேட்டுக் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். அத்தகைய மூன்றாவது ஊசிக்கு நெறிமுறை இல்லை என்றது மத்திய அரசு. இதே கோரிக்கையைப் பொதுநல மனுவாகக் கொண்டுசென்றபோது உச்ச நீதிமன்றமும் அக்டோபர் இறுதியில் அதை ஏற்கவில்லை. இரு வேறு ஊசிகளைத் தரவின்றிக் கலக்கச் சொல்ல நீதிமன்றம் தயங்கியதில் தவறில்லை. என் ஆட்சேபம், சீக்கிரமாகவே கீழ்ப்படிந்தவர்தான் அதிகம் இழந்தார் என்பதில். தயங்கி வீட்டிலிருந்தவர், விவரம் தெரிந்த பிறகு வசதியான ஊசியைத் தேடிப் போட்டுக்கொண்டார். முதல் வாரங்களில் அரசை நம்பி முன்கையை நீட்டியவரோ நீதிமன்ற வாசலில் நின்றார்.

84 நாள் விதியும் அதே கேரள உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. தன் தொழிலாளர்களுக்காக விலை கொடுத்து ஊசி வாங்கிய ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கு அது. செப்டம்பர் 2021இல் தனி நீதிபதி, வெளிநாடு செல்வோருக்குச் சீக்கிரப் பாதுகாப்பா சிறந்த பாதுகாப்பா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைக் கொடுக்கும் அரசு, உள்நாட்டில் இருந்து அதையே கேட்பவருக்கு மறுக்க முடியாது என்ற வாதத்தை ஏற்றார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. கொள்கை முடிவுகளில் நீதிமன்றம் எவ்வளவு தலையிடலாம் என்பது சட்டம் அறிந்தவர்களுக்கான விவாதம். தனி நீதிபதி எழுப்பிய கேள்வியின் நியாயம் ரத்தாகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் அரசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியல்ல. அக்டோபர் 4, 2021 முதல் பிரிட்டன் நடைமுறைப்படுத்திய விதியின்படி, இந்தியாவில் இரு தவணை கோவிஷீல்டு முடித்தவர்களும் ஊசி போடாதவர்களுக்குச் சமம். 10 நாள் தனிமை கட்டாயம். கோவிஷீல்டு என்பது ஆஸ்ட்ராஜெனெகா ஊசியேதான். புனேயில் உள்ள சீரம் நிறுவனம் தயாரித்த 50 லட்சம் தவணைகளைப் பிரிட்டனே அந்த ஆண்டில் வாங்கித் தன் மக்களுக்குப் பயன்படுத்தியது. புனேயிலிருந்து பெட்டியில் போன ஊசி அங்கே செல்லும். புனேக்காரரின் தோளில் ஏறிப் போன ஊசி செல்லாது! இந்தியா பதிலுக்குப் பிரிட்டிஷ் பயணிகளுக்கு 10 நாள் தனிமையை விதித்தது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் தன் விதியைக் கைவிட்டது; இரண்டு நாளில் இந்தியாவும் கைவிட்டது. ஒரே வாரத்தில் எந்த நுண்ணுயிர் மாறியது? எந்த ஆய்வு வெளிவந்தது? ஒன்றுமில்லை. இரு நாடுகள் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்து, பிறகு கண்களைத் தாழ்த்திக்கொண்டன. நடுவில் மாட்டியவர்கள் பயணிகள்.

அடுத்த ஆண்டும் பாடம் படிக்கப்படவில்லை. பிப்ரவரி 1, 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியம், எல்லையில் காட்டும் இரு தவணைச் சான்றிதழுக்கு 270 நாள் ஆயுள் நிர்ணயித்தது. இந்தியாவில் ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ எனப்பட்ட மூன்றாம் ஊசிக்கு இரண்டாம் ஊசியிலிருந்து 9 மாதம், அதாவது 39 வாரம் ஆகியிருக்க வேண்டும். 39 வாரத்தை நாளாக்கினால் 273. ஒரு பக்கம் 270ஆம் நாளில் சான்றிதழ் காலாவதி. மறுபக்கம் 273ஆம் நாளில்தான் அடுத்த ஊசிக்குத் தகுதி. அதுவும் 60 வயதுக்குக் குறைந்த பொதுமக்களுக்கு ஏப்ரல் 10, 2022 வரை அந்தத் தகுதியே இல்லை. மே 12, 2022 அன்றுதான், செல்லும் நாட்டின் விதிக்கேற்ப முன்னதாகவே போட்டுக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். இந்த முறை கல்வி, வேலை என்ற பிரிவினை இல்லை. தளர்த்த முடிந்திருக்கிறது, கவனியுங்கள். முதலிலேயே முடிந்திருக்கும்.

‘வெளிநாட்டுப் பயணம் வசதியுள்ளவர்களின் கவலை, அதற்காக ஒரு நாட்டின் சுகாதாரக் கொள்கையை வளைக்க வேண்டுமா?’ என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு வாதம். தமிழர்களிடம் இதைச் சொல்பவர்கள் நம் வரலாற்றை மறந்தவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்கள், தனுஷ்கோடியில் கப்பல் ஏறுவதற்கு முன் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, உடல் சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டுத்தான் கடல் கடந்தார்கள். அங்கும் கூலியாகப் போனவருக்கு ஒரு முறை, வசதியாகச் சொந்தச் செலவில் போனவருக்கு வேறு முறை. ஊசிக்கும் பயணத்துக்கும் இடையில் நின்று ‘நீ யார், எதற்குப் போகிறாய்’ என்று கேட்கும் அதிகாரம் நமக்குப் புதிதல்ல. அந்தக் கேள்வியைக் காலனி அரசு கேட்டால் கண்டிக்கிறோம். நம் அரசு கேட்டால் அறிவியல் என்கிறோம்.

விதியை நேர்மையாக மாற்றவே முடியாதா என்றால், முடியும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பாருங்கள். ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் பலவற்றுக்குச் செல்வோர் சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் நெடுங்காலமாகப் போட்டுக்கொள்ளும் ஊசி அது. போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அந்தப் பத்து நாள் எல்லோருக்கும் பத்து நாள்தான். சான்றிதழின் ஆயுள் முன்பு 10 ஆண்டு. ஒரே ஊசி ஆயுள் முழுதும் காக்கும் என்று தரவுகள் காட்டியபோது, 2014 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை விதியைத் திருத்தியது. திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் ஜூலை 11, 2016. இரண்டாண்டு முன்னறிவிப்பு. காரணம் வெளிப்படை. ஏற்கெனவே கையில் இருந்த பழைய சான்றிதழ்களுக்கும் அதே ஆயுள். தரவுக்காக மாறும் விதி இப்படித்தான் இருக்கும்.

பெருந்தொற்றின் நடுவில் இரண்டாண்டு அவகாசம் கொடுக்க முடியாதுதான். ஆனால் இரண்டு நாள் கொடுக்கலாம். காரணத்தை ஒரே பக்கத்தில் எழுதி வெளியிடலாம், அது பற்றாக்குறையே ஆனாலும். பழைய விதியை நம்பி நடந்தவருக்குப் புதிய விதியால் இழப்பு வராமல் ஒரு வரி சேர்க்கலாம். விலக்குப் பெறுவோரின் பட்டியலை எழுதும்போது, அதில் அடங்காதவரின் முறையீட்டைக் கேட்டு முடிவெடுக்கும் உரிமையையும் அந்த மாவட்ட அதிகாரிக்குக் கொடுக்கலாம். இந்த நான்குக்கும் பணம் தேவையில்லை, ஆய்வகம் தேவையில்லை. எங்களை உட்காரச் சொன்ன அந்த நல்ல மனிதருக்கு இரக்கம் இருந்தது, அதிகாரம் இல்லை. அவர் கையில் இருந்த தாளை எழுதியவர்களுக்கு, பிள்ளை பெறும் மகளிடம் போகும் ஒரு தாயின் பயணம் நினைவுக்கே வரவில்லை.

நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அறிவியலின் மீது மக்களுக்கு நம்பிக்கை குறைகிறதே என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள், நானும் கவலைப்படுகிறேன். அந்த நம்பிக்கையைக் கெடுப்பது விதி மாறியதைக் குறைசொல்லும் சாமானியர் அல்லர். நாற்காலிக்கு எதிரே அமர்ந்தவரின் காகிதத்தைப் பார்த்து எண்ணிக்கையை மாற்றிவிட்டு, இரண்டு எண்ணிக்கைக்கும் அறிவியல் என்ற ஒரே முத்திரையைக் குத்தியவர்கள்தான். என் அக்கா அதன்பிறகும் மூன்றாம் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொண்டார். ஆனால் முகாமுக்குக் கிளம்பும்முன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “இன்னிக்கு என்ன விதிடா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

நண்பருக்கு மறுப்பு இருந்தால் எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறேன்.